ஜப்பான் ஆண், சீனா பெண்

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் நான், நாடுகளின் பெயர்ப் பட்டியலைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. பாடநூலில் உலகப் படமும் அதன் ஓரமாகப் பெயர்களும் இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் மூடி வைக்கச் சொல்லிவிடுவேன். ஜப்போன் என்றால் ஜப்பான், ஷீன் என்றால் சீனா என்று உருப்போட்ட பிள்ளையிடம், "நீ ஜப்பானில் இருக்கிறாய், சொல்லு" என்றால் திகைத்து நிற்கும். பெயர் தெரியும், அதற்கு முன்னால் வரவேண்டிய குட்டிச் சொல் தெரியாது. அதனால் இரண்டையும் ஒட்டியே வாயில் ஏற்றுகிறேன்: ஓ ஜப்போன், ஓ கனதா, ஆன் ஷீன், ஆன் ஃபிரான்ஸ்.

நமக்கு நாடெல்லாம் அஃறிணை. பிரெஞ்சிலோ இந்தியாவும் சீனாவும் பெண்பால், அதனால் 'ஆன்'; ஜப்பானும் கனடாவும் ஆண்பால், அதனால் 'ஓ'. ஆங்கிலத்தில் 'ஈ' என்று சொல்கிற எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். மெக்சிகோ, கம்போடியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே எல்லாம் அந்த எழுத்தில் முடிந்தும் ஆண்பால். ஈரானும் ஈராக்கும் ஆண்பால்தான். ஆனால் உயிரெழுத்தில் தொடங்குவதால் 'ஆன்' வாங்கிக்கொள்ளும். விதியைச் சொல்லலாம், தப்பில்லை. பேசும்போது விதியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் இதைவிடத் தடுமாறுவது வேறோர் இடத்தில். 'பிரான்சுக்குப் போகிறேன்', 'பிரான்சில் இருக்கிறேன்' என்று வேற்றுமை உருபை மாற்றிப் பழகியவர்கள் நாம். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே 'ஆன் ஃபிரான்ஸ்'தான். போவதா இருப்பதா என்பதை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். இல்லாத இரண்டாவது உருபைத் தேடுவதை நிறுத்தினாலே பாதிப் பாடம் முடிந்தது. அமெரிக்காவோ பன்மை. 'ஓஸேதாஸுனி' என்று மூச்சுவிடாமல் ஒரே சொல்லாகச் சொல்லவைப்பேன். பிரித்துக் காட்டுவது பிறகு, எழுதும்போது.

குடிமக்களின் பெயர்களில் பெண்பாலைத்தான் முதலில் எடுப்பேன். புத்தகங்கள் தலைகீழாகச் செய்கின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. ஃபிரான்சேஸ், ஷினுவாஸ், ஆல்மாந்த் என்று பெண்பாலில் கடைசி மெய் காதில் விழுகிறது. அதை விழுங்கினால் ஃபிரான்சே, ஷினுவா, ஆல்மான் என்று ஆண்பால் வந்துவிடும். ஆணிலிருந்து பெண்ணுக்குப் போனால் எந்த மெய்யைச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும். இந்தியப் பெண்ணைக் குறிக்கும் 'அந்தியென்' என்பதில் 'ன்' தெளிவாக ஒலிக்கும். இந்திய ஆணுக்கு அது மூக்கில் கரைந்துவிடும். பெல்ஜியக்காரரும் ரஷ்யரும் இரு பாலுக்கும் ஒன்றே. அங்கே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இந்த ஊரில் இந்தப் பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடி அலையவேண்டாம். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடிந்தது. அதனால் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் குடும்பத்துப் பிள்ளை, "தாத்தா ஃபிரான்சே, அம்மா அந்தியென்" என்று சொன்னால் அது இலக்கணப் பயிற்சி மட்டுமல்ல, வீட்டு நிலவரமும்கூட.

திசைகளுக்கும் உள்ளூர்ப் பாடமே போதும். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்வேன். புதுச்சேரியில் நின்றுகொண்டு பார்த்தால் காரைக்கால் தெற்கே, மாஹே மேற்கே கேரளக் கரையில், ஏனாம் வடகிழக்கே கோதாவரிப் பக்கம், சந்திரநாகூர் அதே திசையில் இன்னும் தொலைவாக வங்காளத்தில். நான்கே சொற்கள்தான்: நோர், சூத், எஸ்த், உவெஸ்த். ஆனால் உச்சரிப்பில் குறும்பு உண்டு. எழுத்தில் வடக்கும் தெற்கும் ஒரே மெய்யில் முடிகின்றன. தெற்கில் அது ஒலிக்கும், வடக்கில் ஒலிக்காது. கிழக்கைக் குறிக்கும் சொல்லும் 'இருக்கிறது' என்ற வினையும் எழுத்தில் அச்சு அசல் ஒன்றே. திசையானால் 'எஸ்த்' என்று முழுக்கச் சொல்லவேண்டும், வினையானால் வெறும் 'எ'. வாய்விட்டுப் படிக்கவைத்தால் யாருக்குப் பொருள் புரிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக இலங்கையைக் கொண்டுவருவேன். புதுச்சேரி இந்தியாவின் தெற்குப் பகுதிக்குள் இருப்பதால் அதற்கு 'தான் ல சூத்'. இலங்கை இந்தியாவுக்கு வெளியே, தெற்கே இருப்பதால் அதற்கு 'ஓ சூத்'. பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே இதைக் கலந்துவிடுவதுண்டு. வாய்மொழித் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளிடம் மட்டும் பிரித்தே சொல்லச் சொல்கிறேன்.