நாற்பது சொற்கள்

புனித சந்தியாகப்பர் திருத்தலம் நோக்கிச் செல்லும் பயணிகளோடு வட ஸ்பெயினில் சில நாள் நடக்கும் பேறு கிட்டியபோது, நாம் அறிந்திருந்த ஸ்பானியச் சொற்கள் நாற்பதைத் தாண்டா. ரொட்டி, தண்ணீர், படுக்கை, நன்றி. குருமடத்து இலத்தீன் கைகொடுக்கும் என்று வேறு இறுமாந்திருந்தோம். முதல் மாலையே பயணியர் விடுதியில், களைத்திருக்கிறோம் எனச் சொல்ல 'கன்சாதோ' என்பதற்குப் பதில் 'கசாதோ' என்றோம். மணமானவர் என்று பொருளாம். குருவானவரின் வாயிலிருந்து இது வந்தால் மேசையே சிரிக்காதா?

சிரியாதவர் உணவு பரிமாறிய மூதாட்டி ஒருவரே. தம் கணவரைக் குறித்து, 'எஸ்தா முவெர்த்தோ' என்றார்; இறந்துவிட்டாராம். 'இருத்தல்' என்பதற்கு அம்மொழியில் இரு வினைகள் உண்டு. ஒருவர் இன்னார் என்பதைச் சொல்வது 'செர்'. இருக்கும் நிலையைச் சொல்வது 'எஸ்தார்'. களைப்புக்கும் எஸ்தார், மணத்துக்கும் எஸ்தார், இறப்புக்கும் அதுவே! சாரம், நிலை என்று இறையியல் வகுப்பில் மணிக்கணக்காய்க் கேட்டது, அன்று அந்தச் சமையற்கட்டு வாசலில் நமக்கு உறைத்தது.

ஆயினும் அதை அவரிடம் சொல்ல மொழியேது? கைவசம் இருந்தது ஒரு தொடர்: 'லோ சியெந்தோ'. யார் காலையேனும் மிதித்துவிட்டால் சொல்லவென்று கற்றது. சொல்லுக்குச் சொல் 'அதை உணர்கிறேன்' என்று பொருள்படும். அதையே சொன்னோம். அவர் நம் கிண்ணத்தில் இன்னுமோர் அகப்பை சூப் ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.