மான்கொம்பில் மான்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய படப்புத்தகங்களைச் சில வருஷங்களாகச் சேர்த்து வருகிறேன். துப்பாக்கிகளையே சேர்ப்பவர்கள் வேறு. வங்கி குமாஸ்தாவுக்குப் புத்தகமே அதிகம்.

என்னை இழுத்தவை ஜெர்மானியத் துப்பாக்கிகள். வலப்புறம் ஒரு சிறு எஃகுச் சக்கரம். சாவியால் முறுக்கி வைத்து விசையை இழுத்தால் சக்கரம் சுழன்று கல்லில் உரசி, பொறி பறந்து மருந்து பற்றும். கட்டை முழுக்க மான்கொம்பைச் சீவிப் பதித்திருப்பார்கள். பதித்த கொம்பின்மேல் கீறி மை ஏற்றிய சித்திரம்: நாய்கள் துரத்த, ஓடும் மான். ஏதோ ஒரு மானின் கொம்பு இனி சாகப்போகும் மானாகியிருக்கிறது. கொம்பு காட்டில் தானாக உதிர்ந்ததாகவும் இருக்கலாம். செய்தவனுக்கு அது கைக்குக் கிடைத்த வெள்ளைப் பொருள் மட்டுமே என்றும் வாதிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொம்பையும் மானையும் அறியாத கை அந்தக் கோடுகளைப் போட்டிருக்காது.

இதைப் பிரபுத்துவ ஆடம்பரம் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும் நண்பர்கள் உண்டு. வேலைப்பாட்டை மட்டும் பார், குண்டை மறந்துவிடு என்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு சௌகரியம்: பொருளைக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

நகைக் கடன் மேஜையில் நாங்கள் கல்லையும் அரக்கையும் கழித்து எடை போடுகிறோம். செய்கூலி கணக்கில் வராது. துப்பாக்கி சேகரிப்பவன் இதற்கு நேரெதிர். இரும்பின் எடை அவனுக்குப் பொருட்டில்லை. அவனுக்கு வேலைப்பாடு வேண்டும், அதைவிட வம்சாவளி வேண்டும். பிரெஞ்சு அரசன் பதிமூன்றாம் லூயி துப்பாக்கிப் பித்தன். அரச ஆயுதங்களுக்கு 1673இல் ஜாபிதா எழுதி, கட்டைகளில் எண் குத்தினார்கள். லிசியூ நகரத்து லெ பூர்ழுவா பட்டறையில் செய்த துப்பாக்கி ஒன்று 1972இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குப் போனது. குழலில் செய்தவனின் முதலெழுத்துகளும் ஒரு குறுக்கு வில்லும். வெள்ளியும் முத்துச்சிப்பியும் இழைத்த கட்டையில் 134 என்ற எண். வேலைப்பாடு மிகுந்த துப்பாக்கிகள் எத்தனையோ உண்டு. இந்த எண் இதற்கு மட்டும்தான். சேகரிப்பவன் முதலில் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். நம்மில் சிலர் கவிதைக்குக் கீழே இருக்கும் பெயரை முதலில் பார்ப்பதில்லையா?

ஜெர்மானியத் துப்பாக்கிக்கு வருகிறேன். அதைத் தோளில் முட்டுக்கொடுப்பதில்லை. கன்னத்தோடு அணைத்துச் சுடுவார்கள். கன்னம் படும் இடப்புறத்தில்தான் பல துப்பாக்கிகளில் பெரிய சித்திரம். குறிபார்க்கும்போது அது வேட்டைக்காரனின் முகத்துக்கடியில் போய்விடுகிறது. எதிரே உயிருள்ள மான். தோலில் அழுந்துவது கொம்பு மான். இரண்டையும் ஒரே சமயத்தில் அவன் பார்க்க முடியாது.

மியூசியத்திலும் இதே சங்கடம்தான். கன்னப் பக்கத்தைக் காட்டினால் சக்கரம் சுவரைப் பார்க்கும். சக்கரத்தைக் காட்டினால் மான் மறையும். என்னிடமுள்ள புத்தகம் ஒன்றில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். மூடினால் ஒன்றின்மேல் ஒன்று படிகிறது.