கட்டாத குவிமாடம்

ரோம் நகரத்துப் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் குவிமாடம் கட்டவே இல்லை. 1685இல் இயேசு சபைச் சகோதரர் ஆந்த்ரேயா போட்ஸோ, சுமார் 17 மீட்டர் அகலமான கான்வாஸில் ஒன்றை வரைந்து மேலே மாட்டிவிட்டார். குறித்த இடத்தில் நின்று அண்ணாந்தால் அசல் மாடம். நகர்ந்து போனால் மாயம் கலைந்துவிடும்.

1693இல் வந்த அவருடைய புத்தகத்தில் இதன் செப்புத்தகட்டு அச்சு இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறமே கிடையாது, நிழலெல்லாம் நெருக்கி இழுத்த கோடுகள். தூண்கள் சுவரிலிருந்து நீட்டிய தாங்கிகள் மேல் நிற்கின்றன. 'இது எப்படித் தாங்கும்?' என்று கட்டடக் கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்களாம். விழுந்தால் செலவு தன்னுடையது என்று ஓவிய நண்பர் ஒருவர் பொறுப்பேற்றதாகப் போட்ஸோவே குறும்பாக எழுதியிருக்கிறார்.

மற்ற மாட ஓவியங்கள் தாளுக்கு வரும்போது வளைவை இழக்கும். இதற்கு அந்த நஷ்டமில்லை. அசலே தட்டைதானே!