பத்தரைக்கு மேல்

இரவு பத்தரைக்கு மேல்தான் எனக்கு நடக்க வாய்க்கிறது. விடைத்தாள், அடுப்படி, மாமியாரின் மாத்திரை எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும்.

எதிர்வீட்டு அக்கா, "சார் ஊர்ல இல்லையா?" என்பார். ரோந்து வண்டியை நிறுத்திய காவலர், "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?" என்றார். கரிசனம்தான், மறுக்கவில்லை. அதே நேரத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடுகிறவரை யாரும் விசாரிப்பதில்லை. அவர் உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்.

களவியல் நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். தொல்காப்பியர் பகற்குறியை வீட்டெல்லைக்கு வெளியே வைக்கிறார்; இரவுக்குறியை வீட்டார் பேச்சு காதில் விழும் தூரத்துக்குள். யானையும் வெள்ளமும் கடந்து இருளில் வருபவன் தலைவன். காதலுக்கே அவ்வளவுதான் என்றால், சும்மா நடப்பவளுக்கு இலக்கணத்தில் ஏது இடம்?

மும்பையை வைத்து 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' நூல், பொதுவெளியில் பெண் ஏதோ வேலையாகப் போவதுபோல் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதைப் பேசுகிறது. எனக்கு அந்த வேலை ஒரு மருந்துக்கடைப் பை. காலி மாத்திரை அட்டையைப் போட்டுக் கையில் தொங்கவிட்டால் கேள்வியே வராது.

நேற்று பையில்லாமல் போனேன். தெருமுனைக் காவலாளி நிறுத்தினார்.

"நடக்கிறேண்ணா."

"அது தெரியுதும்மா. எதுக்குன்னுதான் கேக்குறேன்."