உளுத்த கட்டையில் ஒரு கூட்டம்

அடைமழை விட்ட அந்தி. உளுத்துக் கிடக்கும் மாங்கட்டையின் வெடிப்பில் வெண்கூழ் ஒன்று தலைகாட்டியிருக்கிறது. இதுவரை அது மரத்துக்குள் இருந்தது. நார்களின் இடுக்கில் ஊர்ந்து, பாக்டீரியாக்களைத் தின்று வளர்ந்தது. ஒரே செல், உள்ளே எண்ணற்ற உட்கருக்கள்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். கூழ் சிறுசிறு முத்துகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு முத்தும் நிமிர்கிறது. நிமிர்வது கண்ணில் படுவதில்லை; சற்று விலகிவிட்டு வந்தால் உயர்ந்திருக்கிறது. நடுவே தலைமயிர் பருமனில் ஒரு கருங்காம்பு உள்ளிருந்தே சுரந்து எழ, அதைப் பற்றிக்கொண்டு கூழ் மேலேறுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு வெள்ளையில் இளஞ்சிவப்பு படர்கிறது. பிறகு பழுப்பு. முழுதாக முற்றியதும் குத்திட்டு நிற்கும் ஊதுவத்திக் கட்டுதான்: கீழே மொட்டைக் குச்சி, மேலே பொடி. உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குள்.

இது சளிப்பூஞ்சைகளில் ஸ்டெமோனைட்டிஸ் என்ற பேரினம். 1753இல் ஜெர்மானியர் கிளெடிச் பெயர் வைத்தபோது காளான்களோடு சேர்த்துத்தான் வைத்தார். தோற்றம் அப்படி. ஆனால் இதன் வித்து முளைத்தால் வருவது அமீபா. ஈரம் மிகுந்தால் அதே அமீபா கசையிழை நீட்டி நீந்துகிறது. 1859இல் தாவரவியலாளர் டி பாரி சளிப்பூஞ்சைகளை விலங்குகளின் பக்கம் நகர்த்தினார். இன்று அவை அமீபாக்களின் பெருங்குழுவான அமீபோசோவாவில் இருக்கின்றன. அதுவே பொருத்தமான இடம் என்பது, இரவு முழுக்க இது ஊர்ந்து ஏறியதைப் பார்த்தவருக்குப் புரியும்.

மேல்தோல் மெல்லியது, முற்றியதும் உதிர்ந்துவிடுகிறது. லேசாக ஊதினால் பழுப்பு வித்துகள் புகையாகப் பறக்கின்றன. உருப்பெருக்கியை அருகே கொண்டுபோகிறேன். நுனிவரை ஓடும் நடுத்தண்டு, அதிலிருந்து கிளைக்கும் இழைகள், அவை விளிம்பில் ஒன்றோடொன்று கூடிப் பின்னிய வலை. பேரினத்தின் முத்திரை அந்த வலைதான். உறவான கோமாட்ரிக்காவில் இழைகள் உண்டு, மேற்பரப்பில் இப்படியொரு வலை இல்லை. பைசாரம் என்ற இன்னொரு சளிப்பூஞ்சைப் பேரினத்தில் காணும் சுண்ணாம்புத் துகள் இதில் கிடையாது. எந்தச் சிற்றினம் என்பதை வலைக்கண்ணின் அளவும் வித்தின் மேலுள்ள வேலைப்பாடும் சொல்லும். உயிரோடு ஊர்ந்தபோது அந்தக் கூழ் தன்னை யாரென்று காட்டவில்லை. வித்தெல்லாம் போனபின் நிற்கும் எலும்புக்கூடு காட்டுகிறது.

மியான்மரில் கிடைத்த, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையான அம்பர் ஒன்றுக்குள் இப்படியொரு கூட்டம் இருப்பது 2019இல் வெளிவந்தது. கூடவே ஒரு பல்லியின் பின்னங்கால். ஸ்டெமோனைட்டிஸ் என்று ஆய்வாளர்கள் சொன்னது அந்தக் காம்பையும் இழைகளையும் பார்த்துத்தான். இன்றைக்குள்ளவற்றிலிருந்து அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.