ஒரு கித்தாரின் மூன்று பிரதிகள்

நமது குருத்துவ வெள்ளிவிழாவிற்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லி வந்தோம். பொன்னாடைகளும் சுவர்க் கடிகாரங்களும் அதைப் பொருட்படுத்தாமல் வந்து குவிந்தன. நம் மூத்த சகோதரியின் மகன் மட்டும் எதுவும் அனுப்பவில்லை. 'வேண்டாம்' என்ற நம் சொல்லை அவன் நம்பவில்லை. நமக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் கலிபோர்னியாவிலுள்ள தன் வீட்டிற்கு நம்மை வரவழைத்தவன், முதல் நாள் இரவு உணவின்போதே, "சாமி மாமா, சனிக்கிழமை கித்தார் கடைக்குப் போகிறோம். ஐம்பத்தேழாம் ஆண்டு மாதிரி. நீங்கள் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்" என்றான்.

ஐம்பத்தேழு என்று அவன் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு. குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில், கொல்கத்தாவில் செய்யப்பட்ட ஒரு மரக் கித்தார் பொதுச்சொத்தாக இருந்தது. அதில்தான் விரல் பழகினோம். அதே காலத்தில் நம் கைக்கு வந்த ஒலிநாடா ஒன்றின் அட்டையில் பட்டி ஹாலி என்ற அமெரிக்க இளைஞரின் படம் இருந்தது. மூக்குக் கண்ணாடி, கழுத்துப் பட்டை, கையில் ஓரம் கருத்து நடுவே தேன்நிறமாக ஒளிரும் மின்கித்தார். 1959-இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 22. அவருடைய பாடல்களைவிட அந்தக் கித்தாரின் வளைவுகள்தாம் நம் மனத்தில் தங்கின. விடுமுறைக்கு வீடு செல்லும்போதெல்லாம் அந்த அட்டையையும் கொண்டு செல்வோம். சகோதரியின் மகன் அப்போது சிறுவன். மடியில் வைத்து அவனுக்கு முதல் மூன்று சுரக்கூட்டுகளைச் சொல்லிக் கொடுத்தது நாமே. அந்த அட்டையை அவன் மறக்கவில்லை.

அந்தக் கித்தாரின் பெயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அது பிறந்த ஃபுல்லர்ட்டன் நகரம், நாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருந்தது. அதைப் படைத்த லியோ ஃபெண்டர், அந்நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. தெரியாததனாலேயே வாசிப்பவர்களை அழைத்து அழைத்துக் கேட்டார். பலகையின் கூர்மையான ஓரம் விலாவில் குத்துகிறது என்று அவர்கள் சொன்னதால், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் மார்போடு பொருந்தும்படி செதுக்கப்பட்டது. கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு இணைக்கப்பட்டது. கெட்டுப்போனால் கழற்றி வேறு கழுத்து மாட்டலாம். இசைக்கருவியை ஆராதிப்பவர் இப்படிச் செய்யத் துணியமாட்டார். பழுது பார்ப்பவரே துணிவார்.

அவர் செய்தவை எல்லாம் முதலிலேயே சரியாக அமைந்துவிடவுமில்லை. ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள்கள் மூன்று. அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய மூன்று நிலைகள் கொண்ட பொத்தானை வைத்தார். வாசித்தவர்களோ அந்தப் பொத்தானை இரண்டு நிலைகளுக்கு நடுவே, எதிலும் விழாதபடி நிறுத்தி, இரு சுருள்களும் சேர்ந்து ஒலிக்கும் மென்மையான ஓர் ஒலியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்து நிலைப் பொத்தானைத் தொழிற்சாலையே வைக்கத் தொடங்கியது 1977-இல்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் வந்த மறுபதிப்புகளில் பழமை கெடலாகாது என்று மூன்று நிலைப் பொத்தானையே பொருத்தி, ஐந்து நிலைப் பொத்தானைப் பெட்டிக்குள் தனியே வைத்துக் கொடுத்தார்கள். பழைய குறையையும் சேர்த்துப் பிரதியெடுத்துவிட்டு, அதற்குரிய மாற்றையும் கையில் கொடுத்திருக்கிறார்கள்!

மறுபதிப்பு என்ற எண்ணமே ஒரு வீழ்ச்சியிலிருந்து பிறந்தது. 1965-இல் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெருநிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அதன்பின் உற்பத்தி பெருகியது; தரம் தேய்ந்தது என்பதே வாசிப்பவர்களிடையே நிலைத்த பேச்சு. அவர்கள் பழைய கருவிகளைத் தேடி அடகுக்கடைகளுக்குச் சென்றார்கள். 1970-இல் எரிக் கிளாப்டன் நாஷ்வில் நகரில் ஐம்பதுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மொத்தமாக வாங்கி, அவற்றில் மூன்றின் சிறந்த பாகங்களை ஒன்றாகச் சேர்த்துத் தமக்கென ஒரு கித்தார் அமைத்துக்கொண்டார். 'பிளாக்கி' என்ற அக்கருவி 2004-இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. பழமையின் சிகரம் எனப் போற்றப்படும் கித்தார், உண்மையில் மூன்று கித்தார்களின் கலவை. 1982-இல் நிறுவனமே தன் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஐம்பத்தேழு, அறுபத்திரண்டு என ஆண்டுப் பெயரிட்டு மறுபடியும் செய்யத் தொடங்கியது. அதே காலத்தில் ஜப்பானிலும் செய்தார்கள். பிறகு மெக்சிகோவின் என்செனாடா நகரில் தொழிற்சாலை எழுந்தது. இப்படித்தான் ஒரே கித்தாருக்குப் பல நாடுகளில், பல விலைகளில் பிரதிகள் தோன்றின.

வெள்ளிக்கிழமை மாலை, சகோதரியின் மகன் வீட்டிலில்லாத வேளையில், அவன் மனைவி சமையலறையில் தேநீர் ஆற்றியபடி, "மாமா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள். அவனுக்கு ஆகஸ்டிலேயே வேலை போய்விட்டது. காலையில் மடிக்கணினியோடு வெளியே போவது நூலகத்திற்கு. விசாவிற்காகக் குறித்த நாளுக்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். இல்லையேல் பிள்ளைகளின் படிப்பை நடுவில் நிறுத்தி ஊர் திரும்ப வேண்டும். "நீங்கள் போகும்வரை சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், மாமா. செபத்தில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்." இரகசியம் காப்பது நமக்குப் பழகிய தொழில். ஆனால் அன்றிரவு அவன் எதிரே அமர்ந்து உண்பது எளிதாக இல்லை.

சனிக்கிழமை கடைக்குச் சென்றோம். சுவர் முழுவதும் கித்தார்கள். கண்ணாடிப் பேழை ஒன்றில், பூச்சு உரிந்து, உலோகம் துருவேறி, நாற்பது ஆண்டு இரவுக் கச்சேரிகளைக் கண்டது போன்ற ஒன்று தொங்கியது. அது புத்தம் புதியது. 1995 முதல் இவ்வாறு வேண்டுமென்றே தேய்த்து, கீறி, மூப்பேற்றியும் விற்கிறார்கள். தேயாததைவிடத் தேய்ந்ததற்கே விலை கூடுதல். உழைக்காத கைக்குக் காய்ப்பு ஒட்டுவதைப் போல் நமக்குப் பட்டது. அதைக் கடந்து சென்றோம்.

நம் முன் மூன்று வைக்கப்பட்டன. மூன்றும் அந்த ஒலிநாடா அட்டையிலிருந்து இறங்கி வந்தவை போலவே இருந்தன. முதலாவது அமெரிக்காவிலேயே செய்த 1957 மாதிரி. விலை 2,000 டாலருக்கு மேல். இரண்டாவது மெக்சிகோவில் செய்தது. 1,000 டாலரைச் சற்றே தாண்டியது. மூன்றாவது, நிறுவனத்தின் 'ஸ்குவையர்' என்ற இளைய முத்திரையோடு இந்தோனேசியாவில் செய்தது, 500 டாலருக்குள்.

வேறுபாடு கண்ணில் இல்லை, கையில் இருந்தது. கித்தாரின் விரல்பலகை தட்டையானதன்று. குறுக்கே பார்த்தால் ஒரு வட்டத்தின் வில். பழைய அளவில் அவ்வட்டத்தின் ஆரம் 7.25 அங்குலம். முதல் இரண்டும் அந்த அளவை அப்படியே காத்தன. இந்தோனேசியக் கருவியில் அது 9.5 அங்குலம், அதாவது சற்றுத் தட்டை. வளைவு மிகுந்த பலகையில் ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்துவது இயல்பாக அமையும். ஆனால் மேல் ஸ்தாயியில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்த முயன்றால், தந்தி அடுத்த மெட்டில் இடித்து ஒலி செத்துவிடும். தனி வாசிப்பில் தந்தியை வளைத்து விளையாடும் இளைஞர்கள் தட்டையானதை விரும்புவதற்கு இதுவே காரணம். சுரக்கூட்டுகளை மட்டும் மீட்டும் நம்மைப் போன்றவர்களுக்கோ பழைய வளைவே நட்பானது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006-இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியா நம்மையும் படுக்க வைத்தது. அதற்குப்பின் இடக்கையின் இரண்டு விரல்கள் முன்போல் மடங்குவதில்லை. பதினேழு ஆண்டுகளாக நாம் கித்தாரை ஏறத்தாழ விட்டுவிட்டதும் அதனால்தான். அந்த ஐம்பத்தேழின் கழுத்தோ, பின்புறம் ஆங்கில 'வி' எழுத்தைப் போல் மெல்லிய முகடு கொண்டது. கையில் எடுத்ததும் அம்முகடு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் சென்று அமர்ந்தது. பெருவிரல் தானாகவே மேலேறி ஓய்ந்தது. மற்ற விரல்களுக்குச் சுமை குறைந்தது. எஃப் சுரக்கூட்டை அழுத்தி ஒருமுறை மீட்டினோம். ஆறு தந்திகளும் தெளிவாக ஒலித்தன. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு! மறுபடியும் மீட்டினோம். சகோதரியின் மகன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவதை எடுத்தோம். வலி இருந்தது, ஒரு தந்தி ஊமையாயிற்று. ஒலி மோசமில்லை. சொல்லப்போனால் அந்த விலைக்கு அத்தகைய ஒலி நம்மை வியக்க வைத்தது. விரலை இன்னும் சற்று அழுத்தினால் வாசிக்கலாம்.

"இதுவே நமக்கு ஏற்றது" என்றோம்.

அவன் ஏன் என்றான். நாம் காரணங்களை அடுக்கினோம். கித்தாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புத்தண்டு உண்டு. தந்திகளின் இழுவையால் கழுத்து வளையும்போது அதை முறுக்கி நேராக்குவார்கள். பழைய முறையில் அதன் முனை கழுத்தின் அடியில் இருப்பதால், முறுக்குவதற்குக் கழுத்தையே தளர்த்த வேண்டும். ஐம்பத்தேழும் மெக்சிகோ கருவியும் அவ்வகையின. இந்தோனேசியக் கருவியில் அது தலைப்பகுதியிலேயே உள்ளது. நாமே சாவி போட்டுத் திருப்பலாம். நம் பங்கு கடற்கரைப் பங்கு. மழைக்காலத்திலும் கோடையிலும் மரம் மாறிக்கொண்டே இருக்கும். கித்தார் பழுது பார்ப்பவரைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டும். மேலும், ஐம்பத்தேழின் மேல் பூசப்பட்டிருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் மெருகு மெல்லியது; நம் வெக்கைக்கும் வியர்வைக்கும் அது எளிதில் நலியும். இவ்வளவையும் ஒரு மறையுரைக்குரிய ஒழுங்கோடு சொல்லி முடித்தோம். கடைப் பணியாளர்கூடத் தலையசைத்தார்.

சொன்னவை யாவும் மெய். அவற்றில் ஒன்றுகூட நாம் அந்தத் தெரிவைச் செய்ததன் காரணம் அன்று. நன்னெறி இறையியலில், மனத்தில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு மற்றதை மட்டும் பேசுவது பற்றி நெடிய விவாதங்கள் உண்டு. தேர்வில் அதற்கு விடையெழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர் நாம். அந்தக் கடையில் அந்த விடை நினைவுக்கு வரவேயில்லை.

"நடுவில் உள்ளதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், மாமா" என்றான் அவன். அதிலும் பழைய முறைத் தண்டுதானே என்றோம். சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்தவன், வேறொன்றும் பேசாமல் பணம் செலுத்தச் சென்றான். வீடு திரும்பும்வரை காரில் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேசினோம்.

கித்தார் நம்மோடு ஊர் வந்தது. பாடகர் குழுவினர் ஆசையாக வாங்கி வாசித்துப் பார்க்கிறார்கள். நாம் இரவு செபத்திற்குப் பின் கால்மணி நேரம் வாசிக்கிறோம். எஃப் சுரக்கூட்டில் ஒரு தந்தி இன்னும் ஊமைதான். அதை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கு விரலிடங்களில் சமாளிக்கும் வழியொன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

டிசம்பரில், விசாக் கெடு முடியும் தறுவாயில், அவனுக்கு வேறு வேலை அமைந்தது. பொங்கல் விடுமுறையில் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்த பின் சிறிது தயங்கி, "சாமி மாமா, அன்றைக்குக் கடையில் ஐம்பத்தேழை எடுத்தபோது உங்கள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இப்போது அனுப்பட்டுமா?" என்றான்.

மழை ஓய்ந்து, கழுத்து சற்று முன்பக்கம் வளைந்திருந்தது. தண்டை முறுக்கும் சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவனைக் கேட்டோம்.