ஜீவிய சரித்திரம் எழுதுகிறவன்

பொத்தேரி வட்டாரத்தில் அடக்க ஆராதனைக்கு ஜீவிய சரித்திரம் எழுதித் தருவது என் ஊழியம். வாசலில் பந்தல் போடும்போதே வீட்டார் ஒரு தாளை நீட்டிவிடுவார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, உத்தியோகம், ஓய்வு. அதை அப்படியே வாசித்தால் நாற்காலியில் இருப்பவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூத்த மகளைக் கேட்பேன்: “அப்பா எதுக்குக் கைக்காசைச் செலவு பண்ணாரும்மா? எதுக்காக நாலு பேரு கிட்ட பேச்சு வாங்கினாரு?” அழுகைக்கு நடுவே அவர் சொல்லும் பதிலில்தான் மனிதர் தெரிவார்.

எழுதப் பழகும் வாலிபர்களிடம் வில்லியம் மில்லருக்கு இரங்கலுரை எழுதச் சொல்வது என் வழக்கம். இங்கிருந்து ரயிலேறினால் தாம்பரத்தில் அவருடைய கல்லூரி. அது அங்கே வந்தது 1937இல். அவர் காலத்தில் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அவருடைய தாளும் நீளம்: 1838இல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, 1862இல் மிஷனரியாகச் சென்னை, 1877 முதல் 1907 வரை சென்னை கிறித்தவக் கல்லூரி முதல்வர், பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1923இல் எடின்பரோவில் மரணம். பிள்ளைகள் அதையே அழகாக எழுதி வருவார்கள்.

“தம்பி, இவர் எதுக்குப் பேச்சு வாங்கினாரு?” என்பேன்.

மிஷனரி கல்லூரியின் பலனை ஞானஸ்நானக் கணக்கில் பார்க்கக் கூடாது என்று அவர் நின்றார். கிறிஸ்தவச் சிந்தனை சமுதாயம் முழுவதும் மெல்லப் பரவட்டும் என்பது அவர் கொள்கை. மதம் மாற்றாத கல்லூரிக்கு மிஷன் பணம் எதற்கு என்று சொந்தத் திருச்சபையிலேயே கேட்டார்கள். அவரோ தம் பணத்தையும் கல்லூரிக்கே கொடுத்தார். அங்கே பயின்றவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனும் அந்தக் கல்லூரி மாணவர். மில்லர் உயிரோடிருந்தபோதே, 1901இல், எஸ்பிளனேடில் அவருக்குச் சிலை எழுந்தது.

அதனால் அவருக்கான உரையைச் சபையாருக்கு மட்டும் எழுத முடியாது. எங்கள் பந்தல்களிலும் பாதிப்பேர் அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்த்தவர்கள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதை நான் விடமாட்டேன். அது எங்கள் நம்பிக்கை. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே எதிர்வீட்டு முதலியாருக்கும் புரிகிற ஒரு காரியம் வந்தாக வேண்டும்: வாங்கிக் கொடுத்த புத்தகம், கட்டிய ஃபீஸ்.

மில்லர் உரையில் பட்டங்களைப் பின்னுக்குத் தள்ளி, ஞானஸ்நானக் கணக்குத் தகராறை முதல் பத்திக்குக் கொண்டுவரச் சொல்வேன். அவரைக் குறை சொன்னவர்களின் வாதத்தையும் நியாயமாக எழுதச் சொல்வேன். அவர்களும் விசுவாசிகள்தான்.